சாயம் ஏறாத துணி: குளிர்காலத் துணி தைக்கும் குழுக்களுக்கு



கொடைக்கானலில் விற்கக் குழந்தைகள் குல்லா தைக்கலாம் என்று நம் குழு ஒன்று கடன் எடுத்து, வெள்ளை ஃபிலீஸ் கட்பீஸ் மொத்தமாக வாங்கியது. கம்பளி மாதிரி மெத்தென்று இருக்குமே, அந்தத் துணிதான். வெள்ளை விலை குறைவு, சாயத்தை நாமே போட்டுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பருத்திச் சேலைக்குப் போடும் சாயத்தைக் காய்ச்சி முக்கினார்கள். எடுக்கும்போது நல்ல சிவப்பு. அலச அலசச் சாயம் பூராவும் தண்ணீரோடு போய், வெளிறிய ரோஸ் நிறம்தான் மிஞ்சியது. கடன் தவணை மட்டும் தப்பாமல் வந்தது.

"எங்க கைப்பக்குவம் சரியில்லையோ" என்று வருந்தினார்கள். கையில் குறையே இல்லை, துணிதான் வேறு.

சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையைப் பாருங்கள். பருத்தி நூல் தண்ணீரைக் குடிக்கும், கூடவே சாயமும் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். ஃபிலீஸ் பெரும்பாலும் பாலியஸ்டர். தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக்கை நூலாக இழுத்தது. பாட்டில் தண்ணீரைக் குடிக்குமா? இதற்கு டிஸ்பர்ஸ் சாயம் என்று தனி வகை உண்டு. ஆலைகளில் மூடிய இயந்திரத்தில், அழுத்தத்தோடு, சுமார் 130 டிகிரி சூட்டில் ஏற்றுகிறார்கள். நம் அடுப்பில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் சரியான சாயமே வாங்கினாலும் பெரும்பாலும் இளம் நிறம்தான் வரும். சூடு பத்தலையே என்று குக்கரில் வைத்துவிடாதீர்கள். துணி வால்வை அடைத்தால் வெடித்துவிடும்.

துணி வாங்கும் முன்பே சோதிக்கலாம். நாலு இழை உருவி, கிடுக்கியில் பிடித்து, வெளித் திண்ணையில் தீயில் காட்டுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், பிள்ளைகள் வேண்டாம். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, ஆறியதும் கறுப்பு மணி போலக் கெட்டியாக நிற்கும்.

அப்படியும் போட்டுப் பார்க்க ஆசையென்றால் உள்ளங்கை அளவுத் துண்டில் முதலில் செய்யுங்கள். துணி தாராளமாகப் புரளும் அளவு தண்ணீர், விடாமல் கிளறல், அரை மணிக்கு மேல் கொதி. பிறகு தானாக ஆறட்டும். சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் போட்டால் மடிப்பு விழும், அது போகாது. அலசிய பின் ஈரத்தோடு வெள்ளைத் துணியில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அதை விற்காதீர்கள். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்கவும் கூடாது.

உலர்த்துவது சுலபம். தண்ணீர் குடிக்காத துணி ஆச்சே, சீக்கிரம் காயும். முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீர் வடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, காற்றாடும் நிழலில் போடுங்கள். நம்ம ஊர் உச்சி வெயிலில் நிறம் வெளுத்துவிடும். இஸ்திரி வேண்டாம், மெத்தென்ற முடி உருகிப் படிந்துவிடும். மழைநாளிலும் அடுப்புப் பக்கம் கொடி கட்டாதீர்கள். இந்தத் துணி தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டும்.

இதையே தொழிலாகச் செய்ய நாங்கள் சொல்லமாட்டோம். சாயத் தண்ணீர் எங்கே போகும்? திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. தோல் ஆலைக் கழிவால் கிணறு கெட்ட கதையைத் திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கலர் துணியாகவே வாங்குங்கள். விலை கூடினாலும் விறகு, சாயம், கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

அந்தக் குழு ரோஸ் துணியைச் சாயம் விடாத அளவு துவைத்து, குல்லாவுக்கு உள்துணியாக வைத்துத் தைத்தது. போட்ட பணத்தில் பாதிதான் இதுவரை திரும்பியிருக்கிறது.