அண்ணாச்சி போட்ட ஆர்.ஓ.ஐ.

எம்.பி.ஏ. முடித்து விற்பனை வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "படிச்சதெல்லாம் அங்க உதவுமா சார்?" உதவும். மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தால்.

வகுப்பில் ஆர்.ஓ.ஐ. என்றால் கம்பெனி போட்ட முதலுக்கு என்ன வருகிறது என்பது. வேலையில் சேர்ந்து தென்மாவட்டங்களில் சுற்றியபோது, விநியோகஸ்தர்கள் தங்கள் முதலுக்கு அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் காட்டினார். மாத விற்பனை 20 லட்சம். மார்ஜின் 5 சதவீதம், ஒரு லட்சம். வண்டி, பையன்கள் சம்பளம், குடோன் வாடகை போக 30 ஆயிரம் மிச்சம். முடங்கிய பணமோ, சரக்கில் 10 லட்சம், கடைகளில் கடனாக 8 லட்சம், கம்பெனி தரவேண்டிய கிளெய்ம் 2 லட்சம். வருஷத்துக்கு 18 சதவீதம்.

"மாசக் கடைசின்னு நீங்க இன்னும் அஞ்சு லட்சத்துக்குச் சரக்க எறக்குனா இது பதினாலு சொச்சத்துக்கு வந்துரும் தம்பி. அதுக்குப் பணத்த வட்டிக்கு விட்டுட்டு நான் சும்மா இருந்துக்கிடலாம்லா?"

மைக்கேல் போர்ட்டர் 1979-ல் எழுதிய ஐந்து சக்திகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான். அதில் ஒன்றான 'வாங்குபவரின் பேர பலம்' பனியனோடு எதிரே உட்கார்ந்திருக்கும் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை.

கேஸ் ஸ்டடி, முடிவெடுத்ததும் முடிந்துவிடும். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஸ்கீம் தள்ளுபடியை விநியோகஸ்தர் முதலில் தன் கையிலிருந்து கடைக்குக் கொடுத்துவிடுவார், பிறகு கம்பெனியிடம் கிளெய்ம் கேட்பார். ஒரு பில் நகல் குறைந்தால் போதும், அக்கவுண்ட்ஸில் அது தூங்கும். அங்கே இருப்பவர் எனக்குக் கீழே வேலை செய்பவர் இல்லை, அதட்ட முடியாது. அவருடைய மாதக் கணக்கு முடிப்பு நாட்களில் போய் நிற்காமல், அதற்கு முன்பே ஸ்கீம் வாரியாகப் பிரித்து, நகல்களோடு கொடுக்கப் பழகினேன். போனில் கத்துவதைவிட இது வேகமாக நடந்தது.

வேலை அனுபவம் இல்லாதவர்களுக்கு வகுப்பறையில் நிர்வாகம் சொல்லித்தர முடியாது என்று ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004-ல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். நடப்பு மூலதனம் என்ற பாடத்தைப் படிக்காமல் போயிருந்தால், அண்ணாச்சி சொன்னது எனக்கு வெறும் புலம்பலாகத்தான் கேட்டிருக்கும். குறை என்னவென்றால், அதை நிதிப் பாடமாக நடத்தினார்கள். மார்க்கெட்டிங் வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சம்மர் இன்டர்ன்ஷிப்பில் ஏ.சி. அறையில் பி.பி.டி. செய்யச் சொன்னால், கூடவே ஒரு வாரம் சேல்ஸ்மேனோடு பீட் போக, அதாவது கடை கடையாக ஏறி இறங்க, அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், ஆச்சரியப்படுவார்கள். விநியோகஸ்தரின் குடோனுக்குள் போனதும் ஆர்டர் கேட்காதீர்கள். எந்த மாதத்துக் கிளெய்ம் இன்னும் வரவில்லை என்று கேட்டு, நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.