நீரிறைக்கும் மோட்டரும் மின்னழுத்தக் குறைவும்

றொசல்லப் பகுதியில் தை, மாசி மாதங்களில் மழை குறைவு. அக்காலத்தில் பள்ளத்து ஓடையிலிருந்து மேட்டு மரக்கறிப் பாத்திகளுக்கு நீரேற்றும் மின்மோட்டர் சுழலாது இரைந்து நிற்பதுண்டு. கமக்காரர் அதனை உடனே நிறுத்துதல் வேண்டும். இன்றேல் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

காரணம்: இலங்கையில் வீட்டு மின்வழங்கலின் அழுத்தம் 230 வோல்ற்று. இது ஐந்திலொரு பங்கு குறையின், மோட்டரின் தொடக்க வலு மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துபோகும்.

சோதனை: மின்சார வேலை கற்றவரைக் கொண்டு, மோட்டரைத் தொடக்கும் வேளையில் மின்மானியருகிலும் மோட்டரருகிலும் அழுத்தத்தை அளப்பித்தல் நன்று.

1. மோட்டரருகில் மட்டும் குறைந்தால் குற்றம் கம்பியிலுள்ளது. கம்பியின் நீளம் இருமடங்கானால் அழுத்த இழப்பும் இருமடங்காகும். தடித்த கம்பி இடுக. தளர்ந்த மூட்டுக்களைத் திருத்துக.

2. மின்மானியருகிலும் குறைந்தால் மின்வழங்கும் நிறுவனத்துக்கு அறிவிக்க. மாலையில் விளக்குகள் மிகுவதால் அழுத்தம் தாழலாம். அவ்வாறாயின் விடியற்காலையில் இறைக்க.

3. இரண்டிடத்தும் குறையாவிடின் கெப்பாசிட்டரையும், பம்பி இறுகியுள்ளதா என்பதையும் பார்க்க.

பருமனான பியூஸ் கம்பி இடுதல் தீர்வன்று. அது மோட்டரின் காவலை நீக்கிவிடும். அளந்தறியாது புதுமோட்டர் வாங்குவதும் வீண்செலவே. குற்றம் கம்பியிலிருப்பின் புதியதும் கருகும்.