டிமென்ஷியா உள்ள பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறீர்களா? இணையத்தில் துணை தேட முழுமையான வழிகாட்டி

நரம்பியல் டாக்டரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருந்தால், உள்ளே கிடைப்பது சில நிமிடம். மாத்திரை, ஸ்கேன், அடுத்து வர வேண்டிய தேதி என்று பேசுவதற்குள் அது முடிந்துவிடும். “பொழுது சாய்ந்தால் அம்மா துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு, ‘எங்க வீட்டுக்குப் போகணும்’ என்று வாசலில் நிற்கிறார். என்ன சொல்லி உள்ளே கூட்டி வருவது?” என்று அங்கே கேட்க முடிவதில்லை. உறவினர்களிடம் கேட்டால், “வயசானா அப்படித்தான்” என்பார்கள்.

இதற்குப் பதில் தெரிந்தவர், தன் அம்மாவோடு அதே மாதிரி வாசலில் நின்ற இன்னொருவர்தான். 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றின் மதிப்பீட்டின்படி, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆளுக்கொரு வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள். வீட்டை விட்டு நகர முடியாதவருக்கு அவர்களைக் கண்டுபிடிக்க இருக்கும் சுலபமான வழி கைபேசி.

படி 1: உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்

மூன்று தேவைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். முதலாவது தகவல்: இது என்ன நோய், இனி எப்படிப் போகும்? இரண்டாவது செய்முறை: குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, இரவில் கதவைத் திறந்துகொண்டு போகாமல் பார்ப்பது. மூன்றாவது ஆறுதல்: “போன்ல நல்லாத்தானே பேசினாங்க, நீ பெருசு பண்றே” என்று வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் சொன்ன அன்று, யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும்.

தகவலுக்கு டாக்டரும் நம்பகமான நிறுவனங்களும் போதும். சக பராமரிப்பாளர்களின் பலம் மற்ற இரண்டில்தான்.

அதே தாளில் நோயின் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். டிமென்ஷியா என்பது பொதுப்பெயர். அல்சைமர், ரத்தக்குழாய் பாதிப்பால் வருவது, லூயி பாடி, மூளையின் முன்பகுதியைத் தாக்குவது என்று வகைகள் உண்டு. ஒரு வகைக்கு ஒத்துவரும் யோசனை இன்னொன்றுக்குச் சரிவராமல் போகலாம். ரிப்போர்ட்டில் தெளிவாக இல்லையென்றால் அடுத்த முறை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

படி 2: எங்கே தேடுவது?

நிறுவனங்களிலிருந்து தொடங்குவது பாதுகாப்பு. 1992-இல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற இந்திய அல்சைமர் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உண்டு. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் டிமென்ஷியா சேவை நடத்துகிறது. அழைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: “குடும்பத்தாருக்கு ஆன்லைன் கூட்டமோ வாட்ஸ்அப் குழுவோ இருக்கிறதா? தமிழில் பேசலாமா?” நீங்கள் போகும் மருத்துவமனையின் முதியோர் பிரிவிலும் இதையே கேட்கலாம்.

ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு ஃபேஸ்புக்கிலும் ரெடிட்டிலும் பெரிய குழுக்கள் இருக்கின்றன. நள்ளிரவில் எழுதினாலும் உலகின் ஏதோ ஒரு மூலையில் பகலாக இருக்கும், பதில் வரும். ஆனால் அங்கே பேசப்படும் காப்பீடும் முதியோர் இல்லச் சட்டங்களும் அந்தந்த நாட்டுக்கானவை. ஹோம் நர்ஸ் சம்பளம், வங்கிக் கையெழுத்து, பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றிதழ் போன்றவற்றுக்கு உள்ளூர்க் குழுதான் உதவும்.

படி 3: சேர்ந்ததும் ஒரு வாரம் வாசிக்க மட்டும் செய்யுங்கள்

நல்ல குழுவில் அட்மின் யாரென்று தெரியும், விதிகள் எழுதப்பட்டிருக்கும். புதிதாக வந்தவரின் கேள்விக்குப் பதில் வரும். “டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்” என்று யாராவது நினைவூட்டுவார்கள். திட்டாமல் மறுத்துப் பேசவும் முடியும்.

காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டுகளும் நிறைந்த குழுவில் உங்கள் கேள்வி காணாமல் போகும். “பெத்தவங்களை ஹோமில் விடுபவன் மனுஷனா?” என்று தீர்ப்புச் சொல்லும் குழுவிலிருந்து உடனே வெளியேறுங்கள். ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவருக்கு அதைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 4: பெற்றோரின் மானத்தைக் காப்பாற்றுங்கள்

பதிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டு முழுச் சம்மதம் வாங்கும் நிலை தாண்டியிருக்கலாம். அவர் சார்பில் நீங்கள்தான் வேலி போட வேண்டும்.

- பெயர், முகம், தெரு, ஆஸ்பத்திரி அட்டை எதுவும் வேண்டாம். “அப்பா, 78 வயது” போதும்.
- கோபத்தில் கத்துவதை, உடை நனைந்திருப்பதை வீடியோ எடுத்துப் போடாதீர்கள். டாக்டருக்குக் காட்ட எடுத்தது டாக்டருக்கு மட்டும்.
- வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் உறுப்பினர்களுக்குத் தெரியும். புரொஃபைல் படத்தைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.
- ஃபேஸ்புக்கில் ‘பிரைவேட்’ குழுவையே தேர்ந்தெடுங்கள். குழு அனுமதித்தால் பெயரை மறைத்தும் எழுதலாம். அப்போதும் அட்மினுக்கு நீங்கள் யாரென்று தெரியும்.
- சொத்து, பென்ஷன் தொகை, வீட்டில் தனியாக இருக்கும் நேரம் ஆகியவற்றைச் சொல்லாதீர்கள்.

படி 5: கேள்வியைக் கூர்மையாகக் கேளுங்கள்

“அப்பா ரொம்பப் படுத்துகிறார், என்ன செய்வது?” என்று கேட்டால், “பொறுமையாக இருங்கள்” என்ற பதில்தான் வரும். வயது, வகை, என்ன நடக்கிறது, எப்போது, ஏற்கெனவே என்ன செய்து பார்த்தீர்கள் என்ற ஐந்தையும் சேருங்கள். உதாரணம்:

“அப்பா, 78, அல்சைமர் நடுக்கட்டம். இரண்டு மாதமாகக் குளிக்க மறுக்கிறார். பாத்ரூம் வரை வருகிறார். தலையில் தண்ணீர் விழுந்ததும் கையை ஓங்குகிறார். வெந்நீர் வைத்தோம், காலை நேரத்துக்கு மாற்றினோம், பலனில்லை. ஷவர் கிடையாது, வாளியும் மக்கும்தான். உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?”

இதற்கு வரும் பதில்கள் வேறு மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வையுங்கள். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, காலிலிருந்து ஊற்றிக்கொண்டே மேலே வாருங்கள். மக்கை அவர் கையிலேயே கொடுங்கள். தலைக்குக் குளிப்பதைத் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். முடியாத நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதும்.

தமிழில் டைப் செய்யச் சிரமமென்றால் கீபோர்டின் மைக்கை அழுத்திப் பேசுங்கள், எழுத்தாக மாறிவிடும். வாய்ஸ் மெசேஜும் அனுப்பலாம். பக்கத்தில் அம்மா இருக்கும்போது மட்டும் வேண்டாம். அவருக்குப் புரியாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 6: வரும் பதில்களைச் சலித்தெடுங்கள்

நாற்காலி, துண்டு, நேரம் மாதிரியான யோசனைகளைச் செய்து பார்க்கலாம். மாத்திரைப் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒருவரின் அம்மாவை அமைதிப்படுத்திய மனநல மருந்து, லூயி பாடி வகை உள்ளவருக்குக் கடும் உடல் இறுக்கத்தையும் குழப்பத்தையும் கொண்டுவரலாம். நாட்டு மருந்தும் மூலிகைப் பொடியும்கூட டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

நேற்று வரை ஓரளவு பேசியவர் இன்று திடீரென்று அதிகக் குழப்பத்தில் இருந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கத்தில் இருந்தாலோ குழுவில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மருந்தின் பக்கவிளைவு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

“மறதியை முழுசாகக் குணப்படுத்துவோம்” என்று தனியாக மெசேஜ் அனுப்புபவரை பிளாக் செய்யுங்கள். பணம் பறிபோயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐத் தாமதிக்காமல் அழையுங்கள்.

படி 7: குழுவுக்கும் நேரம் ஒதுக்குங்கள்

நோட்டிஃபிகேஷனை மியூட் செய்துவிட்டு, பெற்றோர் தூங்கும் நேரத்தில் அரை மணி நேரம் பாருங்கள். நோயின் கடைசிக் கட்டத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதை இப்போதே வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, தாண்டிப் போங்கள்.

குழு தாங்க முடியாத பாரமும் உண்டு. தொடர்ந்து தூக்கமில்லை, கை ஓங்கிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். முதியோருக்கான அரசு உதவி எண் 14567.

படி 8: ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள்

குழுவில் சொன்ன எதையாவது வீட்டில் செய்து பார்த்தீர்களா? பலன் இருந்ததா? போனை வைத்தபின் மனசு லேசாகிறதா, கனக்கிறதா? பலன் இருந்தால் குழுவில் அதையும் எழுதுங்கள். “துண்டு போர்த்திய யோசனை வேலை செய்தது, தலைக்கு ஊற்றுவது இன்னும் முடியவில்லை” என்ற இரண்டு வரி, அடுத்து வருபவருக்கு ஒரு வாரச் சிரமத்தை மிச்சப்படுத்தும். பலன் இல்லையென்றால் காரணம் சொல்லாமலே வெளியேறி, இரண்டாம் படியிலிருந்து வேறு குழுவைத் தேடுங்கள்.