பூங்காவில் கேமரா: யாருக்கு அனுமதி வேண்டும்?

யோசெமிட்டிக்கோ கிராண்ட் கேன்யனுக்கோ கிளம்பும் நம்மவர்கள் பலர், யூடியூபில் போட்டுக் காசு பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே பெர்மிட் வாங்கவேண்டும் என்று இன்னும் நம்புகிறார்கள். வெறும் புரளி என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2024 முடியும்வரை அதுதான் அமெரிக்கச் சட்டம். வெர்ஜீனியாவில், தேசியப் பூங்காத் துறையின்கீழ் உள்ள யார்க்டவுன் போர்க்களத்தில் பெர்மிட் இல்லாமல் சில காட்சிகளை எடுத்த ஒரு சிறு படக்காரருக்கு 2018இல் அபராதச் சீட்டு கொடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். 2021இல் கீழ்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மேல்முறையீட்டில் அது ரத்தானது.

நீதிமன்றத்தில் கிடைக்காதது பிறகு காங்கிரஸ் வழியாகக் கிடைத்தது. 2025 ஜனவரி 4 அன்று கையெழுத்தான எக்ஸ்ப்ளோர் சட்டம், படத்தால் வருமானம் உண்டா என்ற கேள்வியையே எடுத்துவிட்டது. எட்டுப் பேருக்கு மிகாத குழு, பொதுமக்கள் போகக்கூடிய இடத்தில், கையில் தூக்கிச் செல்லும் கருவிகளோடு, யாரையும் ஒதுங்கச் சொல்லாமல், இயற்கைக்கும் சேதமில்லாமல் எடுத்தால் பெரும்பாலும் பெர்மிட்டும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். நியாயமான மாற்றம். பாறைக்கும் அருவிக்கும் நம் சேனலின் வருமானமா வலிக்கும்?

ட்ரைபாட் வைத்தாலே தொழில்முறை ஆள் என்று பிடிப்பார்கள் என்பதும் தவறு. அதுவும் கையில் தூக்கிச் செல்லும் கருவிதான். ஆனால் காசு வாங்கிக்கொண்டு பத்துப் பேரைக் கூட்டிப்போய்ப் புகைப்படப் பயிற்சி நடத்துபவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அது சுற்றுலாத் தொழில், அதற்குத் தனி அனுமதி உண்டு.

படமெடுக்கவே பெர்மிட் வேண்டும் என்ற நினைப்புக்கு நேரெதிரான நம்பிக்கைதான் அதிக ஆபத்து: '250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனைப் பதிவு செய்யவே வேண்டாமே, பூங்காவில் பறக்கவிட்டால் என்ன?' பதிவு விதி வேறு, பூங்கா விதி வேறு. 2014 ஜூன் முதல் எந்த எடையிலும் ட்ரோனுக்குத் தடை. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். தடை வந்த இரண்டாம் மாதமே எல்லோஸ்டோனில் ஒரு சுற்றுலாப் பயணியின் ட்ரோன், கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றுக்குள் விழுந்தது.

பெர்மிட் வேண்டாம் என்பதால் விலங்கின் பக்கத்தில் போகலாம் என்றும் ஆகிவிடாது. எல்லோஸ்டோனில் கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர், காட்டெருமைக்கு 23 மீட்டர் தள்ளியே நிற்கவேண்டும். செல்ஃபிக்கும் அதே கணக்கு.

இன்னொன்று, சினிமாவில் பார்த்துப் பழகிய மானுமென்ட் வேலி தேசியப் பூங்காவே அல்ல. அது நவாஹோ மக்களின் நிலம். மேற்சொன்ன சலுகை எதுவும் அங்கே செல்லாது. வணிக நோக்கில் கேமராவை எடுப்பவர் நவாஹோ நிர்வாகத்திடம்தான் அனுமதி கேட்கவேண்டும்.