காலி ஜீப் மட்டும் ஏன் அதிர்கிறது?

கேள்வி: ஐயா, கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போக ஒரு பழைய மகேந்திரா கமாண்டர், ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கிறேன். ஆனைக்கரையில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் தோட்டம்வரை கல்லும் சேறும்தான். அடி தட்டுகிறது என்று, பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை கூட்டி, நீளமான ஷேக்கிள் போட்டு வண்டியைத் தூக்கினேன். அன்று முதல் 45, 50-ஐத் தொட்டால் சீட்டுக்கு அடியில் ‘கிர்ர்’ என்று அதிர்வு. ஆள் நிறைய இருந்தால் அவ்வளவாகத் தெரியவில்லை. இறக்கிவிட்டுக் காலியாக வரும்போதுதான் கொல்கிறது. ஒரு பட்டறையில் நாலு வீலும் பேலன்ஸ் பார்த்தார்கள். இன்னொரு இடத்தில் பின் ஷாஃப்டின் இரண்டு யூஜே கிராஸையும் மாற்றினார்கள். போகவில்லை. இப்போது கிரவுனைப் பிரிக்கச் சொல்கிறார்கள். பிரிக்கட்டுமா?
— ஒரு வாசகர், ஆனைக்கரை

பதில்: பிரிக்காதீர்கள் தம்பி. பாதி பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: வண்டியைத் தூக்கிய அன்று தொடங்கியது, காலியாக இருந்தால் கூடுகிறது. கிரவுன் பல் தேய்ந்திருந்தால் ஊளைச் சத்தம் கேட்டிருக்கும். பாரம் ஏறியதும் அது அடங்கிப் போவது அபூர்வம்.

ஆனால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும்போது 25, 30-ல் போவீர்கள். காலி வண்டி நேர் ரோட்டில் பறக்கும். வித்தியாசம் பாரத்தாலா, வேகத்தாலா? ஒரே நேர் ரோட்டில் ஒருமுறை காலியாகவும், ஒருமுறை பின்னால் நாலைந்து மூட்டை போட்டும், அதே 50-ல் ஓட்டிப் பாருங்கள். மூட்டை போட்டதும் அடங்கினால் கோளாறு ஷாஃப்டின் கோணத்தில். மூட்டை இருந்தும் அப்படியே இருந்தால் ஷாஃப்ட் நெளிந்திருக்கலாம், பேலன்ஸுக்கு ஒட்டிய இரும்புத் துண்டு விழுந்திருக்கலாம். பாதைக் கல்லில் ஷாஃப்டை உரசிய வண்டிகளில் இது சகஜம்.

வீல் பேலன்ஸில் தீராததற்கும் காரணம் உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் டயர் நொடிக்கு சுமார் 6 சுற்றுதான் சுற்றும். டயர் கோளாறு என்றால் ஸ்டியரிங்கோ பாடியோ தடதடவென்று ஆடும். ஷாஃப்டோ டயரைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகத்தில், நொடிக்கு 30 சுற்று ஓடுகிறது. ‘கிர்ர்’ என்று நீங்கள் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லே டயரை விடுவித்துவிட்டது.

இனி யூஜே கிராஸ் விஷயம். இந்த மூட்டுக்கு கார்டன் ஜாயின்ட் என்றும் பெயர். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் கார்டனோவின் பெயர் அது. கார்டமம் விளையும் ஊரில் கார்டனால் தொல்லை! அந்த மூட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. கோணத்தில் சுற்றினால், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இராது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். 5 டிகிரியில் இது அரை சதவீதம்கூட இல்லை. 15 டிகிரியில் மூன்றரை சதவீதம் ஏறும், அதே அளவு இறங்கும். அதனால்தான் இரண்டு முனையிலும் மூட்டு: முன் மூட்டு செய்யும் குறும்பைப் பின் மூட்டு எதிராகச் செய்து சரிக்கட்டும். அதற்கு இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும்.

நீங்கள் வண்டியைத் தூக்கியதும் ஷாஃப்டின் சாய்வு கூடி, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்துக் கோணம் கூடிவிட்டது. நீள ஷேக்கிளோ பட்டையின் பின்முனையைக் கீழே தள்ளி, கிரவுனின் மூக்கை மேலே நிமிர்த்திவிட்டது. அந்தப் பக்கக் கோணம் கூடவில்லை. கணக்கு ஒத்துவரவில்லை, அதிர்கிறது. ஆள் ஏறினால் பட்டை அமுங்கிக் கோணம் குறைகிறது, அடங்குகிறது.

அளந்து பார்ப்பது சுலபம். சமதரையில், ஜாக்கி போடாமல், வண்டி தன் காலில் நிற்க வேண்டும். செல்போனில் கோணம் காட்டும் ஆப் போதும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச், ஷாஃப்ட் குழாய், கிரவுன் ஃபிளாஞ்ச் மூன்றின் சாய்வையும் குறியுங்கள். ஃபிளாஞ்சின் முகத்தில் அளந்தால் செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி என்று எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு 3, 14, 6 என்று வந்தால், முன் மூட்டில் 11, பின் மூட்டில் 8. மூன்று டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும். பட்டைக்கும் ஆக்சில் ஹவுசிங்குக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்வார்கள். தடித்த பக்கம் முன்னாலா பின்னாலா என்பது, பட்டை ஹவுசிங்குக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மாற்றிப் போட்டால் அதிர்வு கூடும். என்னைக் கேட்டால், பழைய ஷேக்கிளையே திரும்பப் போடுங்கள். கூட்டிய ஒரு பட்டையோடு உங்கள் பாதைக்குச் சமாளிக்கலாம்.

காசில்லாமல் முதலில் பார்க்க வேண்டியது இன்னொன்று. கிராஸ் மாற்றியபோது ஷாஃப்டை ஸ்ப்லைனில் இரண்டாகப் பிரித்திருந்தால், ஒரு பல் தள்ளிச் சேர்த்திருக்கலாம். அடியில் படுத்துப் பாருங்கள்: ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கவை ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒன்று நேராகவும் மற்றது சாய்ந்தும் இருந்தால் கோணம் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. இனிமேல் பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முன் ஷாஃப்டையும் மறக்க வேண்டாம். ஹப் லாக் இல்லாத வண்டியில், ஃபோர் வீல் போடாவிட்டாலும் அது சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஓட்டம் ஓட்டினால் அது குற்றவாளியா என்று தெரிந்துவிடும்.

சேற்றிலும் ஓடையிலும் இறங்கும் வண்டிக்கு கிராஸில் கிரீஸ் சீக்கிரம் கழுவிப்போகும். மூடியைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி தெரிந்தாலோ, மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல் கீச்சிட்டாலோ, புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முன்முனை தரையில் குத்தினால் வண்டி கவிழவும் கூடும். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றினால் அந்த வண்டிக்கு ஹேண்ட்பிரேக்கும் பிடிக்காது, கியரில் போட்டாலும் நிற்காது. நாலு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு அடியில் படுங்கள்.