சார்ஜ் ஏற்றும் பல் பிரஷ்: தேர்வும் பயன்பாடும்

மின்சாரத்தில் இயங்கும் பல் பிரஷ் கடைகளில் மூன்று வகையாகக் கிடைக்கிறது. பென்சில் பேட்டரி போட்டு ஓடுவது ஒன்று. சிறிய வட்டத் தலை இடமும் வலமுமாகச் சுழன்று திரும்புவது இரண்டாவது. சாதாரண பிரஷைப் போன்ற நீளத் தலை மிக வேகமாக அதிர்வது மூன்றாவது. ‘சோனிக்’ என்ற பெயரில் விற்பது இதைத்தான். பின்னிரண்டும் சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்துபவை. சிங்கப்பெருமாள் கோவிலில் தொடங்கி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியில் இதை வாங்குவோர் விலையோடு வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட், நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் அறை, குளியலறையில் பிளக் பாயின்ட் இல்லாத வாடகை வீடு, உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் எல்லாம் தேர்வை மாற்றக்கூடியவை.

இப்படி ஒரு பிரஷ் தேவைதானா என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. காக்ரேன் அமைப்பு 2014இல் 56 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. கையால் தேய்ப்பதோடு ஒப்பிட்டால் மின் பிரஷ் பற்படலத்தை முதல் மூன்று மாதங்களுக்குள் 11 விழுக்காடும், அதற்குமேல் தொடர்ந்து பயன்படுத்தியவர்களிடம் 21 விழுக்காடும் கூடுதலாகக் குறைத்தது. ஈறு வீக்கம் அதே காலங்களில் முறையே 6, 11 விழுக்காடு குறைந்தது. பலன் உண்டு, ஆனால் மலைக்க வைக்கும் அளவில் இல்லை. இந்த வித்தியாசம் பல்லின் நீண்டகால நலத்தில் எவ்வளவு தூரம் எதிரொலிக்கும் என்பது தெளிவாகவில்லை என்று அந்த மதிப்பீடே சொல்கிறது. மென்மையான சாதாரண பிரஷால் நாளுக்கு இருமுறை, இரண்டிரண்டு நிமிடம், ஈறோரம் வரை பொறுமையாகத் தேய்ப்பவருக்கு இது அவசியமில்லை. அரை நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவருக்கும், அழுத்தித் தேய்த்தே பழகியவருக்கும், மூட்டுவலியாலோ பக்கவாதத்தாலோ கையை விரும்பியபடி அசைக்க முடியாத முதியவருக்கும்தான் இதன் பயன் அதிகம்.

பென்சில் பேட்டரி வகையைச் சீக்கிரமே ஒதுக்கிவிடலாம். விலை குறைவுதான், ஆனால் பேட்டரி இறங்க இறங்க வேகமும் இறங்கும், அது தெரியாமலே வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். பயணப் பைக்குள் கிடக்க ஒன்று வேண்டுமென்றால் வாங்கலாம்.

சுழல்வதா, அதிர்வதா என்பதுதான் பலரும் தடுமாறும் இடம். 1954இல் ஸ்விட்சர்லாந்தில் உருவான ‘பிராக்ஸோடென்ட்’ சுவர் பிளக்கில் நேராகச் செருகி ஓட்ட வேண்டியதாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில்தான் ஒயர் இல்லாமல் சார்ஜில் ஓடுபவை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. இன்றைய இரு வகைகளும் 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தவை. சுழலும் வகையை ஓரல்-பி நிறுவனமும், அதிரும் வகையை இன்று பிலிப்ஸ் பெயரில் விற்கும் சோனிகேரும் பரப்பின. காக்ரேன் தொகுத்த ஆய்வுகளில் பெரும்பகுதி சுழலும் வகையைப் பற்றியது. ஆகவே சான்று அதிகம் இருப்பது அதற்குத்தான். சோனிக் மட்டம் என்று இதற்குப் பொருளில்லை. சுழலும் பிரஷின் வட்டத் தலை ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகச் சுற்றி வரும், கடைவாய்ப் பல்லின் பின்பக்கமும் எளிதில் எட்டும். ஆனால் சத்தம் கூடுதல், அதிர்வு முரட்டுத்தனமாகத் தெரியும். சோனிக் வகை சத்தம் குறைவாக ஓடும், பிடிக்க லேசாக இருக்கும், கைப்பழக்கத்தையும் அதிகம் மாற்ற வேண்டியதில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்கும் அறையில் இன்னொருவர் பல் தேய்க்க வேண்டியிருந்தால் சோனிக்கே நல்லது.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்து வாங்க வேண்டாம். சுழலும் வகையில் தொடக்க நிலை மாடல்கள் நிமிடத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் என்று சொல்லும், சோனிக் வகை 31,000 என்று சொல்லும். போய்வருவதை ஓர் அசைவாக எண்ணாமல் இரண்டாக எண்ணினால் அதே 31,000 உடனே 62,000 ஆகிவிடும். இரு வகையும் வேலை செய்யும் விதமே வேறு என்பதால் இந்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. ஐந்து ‘மோடு’, செல்போனோடு இணைக்கும் செயலி, நாக்கு வழிக்கும் தனித் தலை போன்றவையும் விலையை ஏற்றுவதற்கே பெரும்பாலும் உதவுகின்றன. வாங்கிய இரண்டாவது வாரத்தில் எல்லோரும் ஒரே மோடில் நின்றுவிடுவார்கள்.

காசு கொடுத்து வாங்கத் தகுந்த வசதிகள் இரண்டே. முதலாவது, இரண்டு நிமிட டைமர். வாயை நாலு பகுதியாக எண்ணி முப்பது நொடிக்கு ஒருமுறை சற்று நின்று துடிக்கும் மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, அழுத்தத்தை உணரும் சென்சார். அளவுக்கு மீறி அழுத்தும்போது விளக்கு எரியும், அல்லது வேகம் தணியும். ஈறு இறங்கி வேர் தெரியத் தொடங்கியவருக்கும், கூச்சம் உள்ளவருக்கும் இது இல்லாத மாடல் வேண்டாம். மிக மலிவான மாடல்களில் டைமர் இருக்கும், சென்சார் இருக்காது. ஒரு படி மேலே உள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் இந்தச் சென்சாருக்காகவே என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் மேலே போகத் தேவையில்லை.

உண்மையான செலவு தலையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே, தலையை மாற்ற வேண்டும். கைப்பிடி 1,500 ரூபாய், தலை ஒன்று 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெட்டியோடு வரும் தலை போக மூன்றாண்டுக்குப் பதினொரு தலை, 3,300 ரூபாய், மொத்தம் 4,800. ஐம்பது ரூபாய் சாதாரண பிரஷ் அதே காலத்துக்கு 600 ரூபாயில் முடிந்துவிடும். ஆகவே கைப்பிடியின் விலையைக் கேட்கும் முன் அதற்கான தலை எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையோர மருந்துக் கடையில் சாதாரண பிரஷ் பத்து ரகம் தொங்கும். குறிப்பிட்ட மாடலுக்கான தலையை அங்கே எதிர்பார்க்க முடியாது. அதிகம் கேள்விப்படாத பெயரில் பாதி விலைக்கு ஆன்லைனில் வரும் பிரஷ்களில் பலவற்றுக்கு அடுத்த ஆண்டு தலையே கிடைக்காமல் போகும் அபாயம் உண்டு. அப்போது கைப்பிடி எவ்வளவு நன்றாக ஓடினாலும் குப்பைதான். குடும்பமாக இருப்போர் ஒரே கைப்பிடியை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு தலை மாட்டிப் பயன்படுத்தலாம். யாருடையது என்று அடையாளம் காணச் சில தலைகளில் வண்ண வளையம் இருக்கும். தலையை மட்டும் கணவன் மனைவிகூடப் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

சார்ஜர் விஷயத்தில் இருவிதம். நிறுத்தி வைக்கும் பீடத்தில் உலோக முனையே வெளியில் தெரியாது. பீடத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், கைப்பிடிக்குள் இன்னொன்று, இரண்டுக்கும் இடையே காந்தப்புலத்தின் வழியாக மின்சாரம் கடக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யும் அதே முறை. ஈரக் கையோடு எடுத்து வைத்தாலும் கவலையில்லை, ஆனால் அதற்கென ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். அறையில் தங்கியிருப்போருக்கு யு.எஸ்.பி. கேபிளில் சார்ஜ் ஏறும் வகை வசதி. செல்போன் சார்ஜரிலேயே போட்டுக்கொள்ளலாம். கேபிள் செருகும் துளையை மூடும் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும், ஈரத்தோடு செருகவும் கூடாது. பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.7 என்று இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். குழாயடியில் கழுவ அது போதும். லித்தியம் அயான் பேட்டரி உள்ளவை ஒரு சார்ஜில் பெரும்பாலும் இரண்டு வாரம் ஓடும் என்பதால் பராமரிப்புக்காக ஒரு நாள் கரன்ட் போவது இங்கே பிரச்சினையே இல்லை. நிக்கல் பேட்டரி கொண்ட பழைய, மலிவு மாடல்கள் முழுதாக ஏறப் பதினைந்து பதினாறு மணி நேரம்கூட எடுக்கும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த பிரஷாக இருந்தால் செருகும் முன் சார்ஜரின் அடிப்பக்கத்தைப் படிக்க வேண்டும். அங்கே விற்கும் சில சார்ஜர்கள் 110 முதல் 130 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் அத்தோடு முடிந்தது. 100–240 என்று இருந்தால் பயமில்லை, பின்னுக்கு அடாப்டர் மட்டும் வாங்கினால் போதும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

பயன்படுத்தும் முறையில் பலர் முதல் நாளே தவறுவது, சாதாரண பிரஷைப் போல முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்பதில். சுழலும் தலையைப் பல்லின்மேல் வைத்து இரண்டு மூன்று நொடி நிறுத்தி, அடுத்த பல்லுக்கு நகர்த்தினால் போதும். தேய்க்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். சோனிக் தலையை ஈறோரத்தில் சுமார் 45 பாகை சாய்த்து மெதுவாக நகர்த்த வேண்டும். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பரப்பு மூன்றும் ஒவ்வொரு பகுதியிலும் வர வேண்டும். வாய்க்குள் வைத்த பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்ட் முழுக்கச் சட்டைமேல்தான். பல்பொடி போட்டுத் தேய்த்துப் பழகியவர்கள் அதை இதோடு சேர்க்கக் கூடாது. கரித்தூளும் உப்பும் கலந்த சொரசொரப்பான பொடியை இந்த வேகத்தில் தேய்த்தால் எனாமல் தேயும். ஃபுளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும். முடித்தபின் எச்சிலைத் துப்பிவிட்டு விட்டுவிடலாம். வாய் நிறையக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். முதல் வாரத்தில் ஈறில் லேசாக ரத்தக்கசிவு வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்ற கணக்கு ஷிப்ட்காரருக்குப் பொருந்தாது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும், பல்லைக் காக்கும் ஆள் அப்போது இல்லை. ஆகவே கடிகாரத்தில் என்ன மணியானாலும் தூங்கப் போகும் முன் தேய்ப்பதே முக்கியமானது. இரவு முழுக்கச் சர்க்கரை போட்ட டீ குடித்துவிட்டு விடியற்காலையில் அறைக்கு வந்து அப்படியே படுப்பவருக்கு எந்த பிரஷும் உதவாது. எலுமிச்சைச் சாறு, கோலா போன்ற புளிப்பான பானம் குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் தலையும் கைப்பிடியும் சேரும் உலோகத் தண்டைச் சுற்றி வெள்ளைப் படிவு கட்டும். விட்டால் தலை இறுகி ஓசை மாறும். தினமும் தலையைக் கழற்றி இரண்டையும் கழுவித் துடைத்து வைப்பதும், படிவு தெரிந்தால் வினிகர் நனைத்த துணியால் துடைப்பதும் போதும். ஈரத்தோடு மூடி போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஏற்கெனவே கல்லாக இறுகிவிட்ட காரையையும், ஹான்ஸ் புகையிலை, வெற்றிலைக் கறையையும் எந்த மாடலும் எடுக்காது. அதற்கு ஸ்கேலிங் செய்ய வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தாம்பரம் பக்கம் போகும் மின்ரயிலில் மூன்றாவது நிலையமான பொத்தேரியில், எஸ்.ஆர்.எம். வளாகத்தில் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. இத்தகைய கல்லூரிகளில் கட்டணம் பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அந்த மருத்துவமனைகளின் பல் பிரிவைக் கேட்கலாம். பிரஷை ஸ்கேலிங் முடிந்தபின் வாங்கினால் அதன் பலன் நன்றாகத் தெரியும்.

பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள் அதற்கென உள்ள தலையை வாங்கிக்கொள்ளலாம். குழந்தைகளுக்குச் சிறிய மென்தலை மாடல் வேண்டும், ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நிற்கவும் வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்டபின் வாங்குவதே முறை. சார்ஜ் பீடத்தின் காந்தப்புலத்தை மார்பருகே கொண்டுவரக் கூடாது.

கைப்பிடி பெரும்பாலும் ஒட்டி மூடப்பட்டிருக்கும், பேட்டரியை மாற்ற முடியாது. சில ஆண்டுகளில் சார்ஜ் நிற்காமல் போகும். பழுதானதைக் குப்பை வண்டியில் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பேட்டரிகளைக் குப்பைமேட்டில் கொட்டுவதையும் எரிப்பதையும் தடை செய்கின்றன. மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்திலோ, திரும்பப் பெறும் ஏற்பாடு வைத்திருக்கும் நிறுவனத்திடமோ ஒப்படைக்கலாம். பழைய இரும்புக் கடையில் போட்டால் அங்கே சுத்தியலால் உடைப்பார்கள், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.