பின் ஷாக்குக்குக் கொடுக்கும் காசு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று 14,000 ரூபாய் வண்டி. சீட்டுக்குக் கீழே சிவப்புச் சுருள் ஸ்பிரிங் பளிச்சென்று தெரிகிறது. இன்னொன்று 1,30,000. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஃபுல் சஸ்பென்ஷன், அதாவது முன்னும் பின்னும் ஷாக் உள்ள, மவுண்டன் பைக் என்றுதான் பெயர். உன் கையில் இருப்பது 40,000; எட்டு மாதம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது. “விலை இவ்வளவு வித்தியாசப்படுவது பிராண்டுக்காகத்தானே மாமா?” என்று கேட்டிருக்கிறாய். பிராண்டுக்குக் கொஞ்சம் போகிறதுதான். மிச்சம் எங்கே போகிறது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாட்ஸாப்பில் அடங்காது.

நீ தினமும் பார்க்கும் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் வல்லம் வடகால் சிப்காட்டில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2017இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் கம்பெனி 2016இல் விட்ட ஹிமாலயன் பைக்கில் முன்சக்கரம் 200 மில்லிமீட்டர், பின்சக்கரம் 180 மில்லிமீட்டர் மேலும் கீழும் அசையும். ஆனால் அந்த அசைவைத் தாங்குவது ஸ்பிரிங் மட்டும் இல்லை. ஷாக்குக்குள் எண்ணெய் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் சுருங்கிச் சக்தியை வாங்கிக்கொள்ளும். வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுப்பது அதன் குணம். அந்தத் துள்ளலை, சின்னச் சின்னத் துளைகள் வழியே எண்ணெயைக் கசியவிட்டு வெப்பமாக மாற்றுவதுதான் டாம்பர். நீளமான மலை இறக்கத்தில் வந்து நின்ற வண்டியின் ஷாக்கைத் தொட்டுப் பார்; கை சுடும்.

உன் 14,000 ரூபாய் வண்டியின் சிவப்பு ஸ்பிரிங்குக்குள் பெரும்பாலும் அந்த எண்ணெய் இருக்காது. அதனால் அது குலுக்கலை வாங்கி, அடுத்த நொடியே உன் இடுப்புக்குத் திருப்பி அனுப்பும்.

மோட்டார் பைக்குக்கு இதில் ஒரு வசதி உண்டு. இன்ஜினின் சக்தியில் கொஞ்சம் ஸ்பிரிங்கை அமுக்குவதில் போனாலும் ஓட்டுபவனுக்குத் தெரியாது. சைக்கிளில் இன்ஜின் உன் தொடை. ஒவ்வொரு மிதிக்கும் சீட் அமுங்கி எழுந்தால், முன்னே போக வேண்டிய பலத்தில் ஒரு பங்கு மேலும் கீழும் ஆடுவதில் செலவாகிறது. நல்ல கம்பெனிகள் சேஸிஸில் பிவட்டை, அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கை அசையும் மூட்டை, எந்த இடத்தில் வைப்பது என்று வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தான். ஹார்ஸ்ட் லைட்னர் என்பவர் வடிவமைத்த நான்கு இணைப்புப் பின்கை இன்றுவரை அவர் பெயரிலேயே ஹார்ஸ்ட் லிங்க் என்று வழங்குகிறது. காசு அந்த மாதிரி யோசனைக்கும் போகிறது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பின்சக்கரம் 130 மில்லிமீட்டர் எழும்பும் வண்டியில் ஷாக் சுருங்குவது 50 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். சக்கரத்தில் விழும் அடி, நெம்புகோல் கணக்கில் இரண்டரை மடங்குக்கும் மேலாகப் பெருகி ஷாக்கில் போய் விழுகிறது. பிவட்டும் அதைத் தாங்கியாக வேண்டும். நான் வேலை பார்க்கும் பைக் லைனில் பின்கையின் பிவட் நட்டை டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்று சொல்லும்வரை முறுக்கி, மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு போட்ட பிறகுதான் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகரும். மலிவு சைக்கிளில் அதே இடத்தில் பேரிங் கிடையாது. பிளாஸ்டிக் புஷ்ஷும் ஒரு போல்ட்டும்தான்.

இது எனக்கு நேர்ந்தது. உன் வயதில் நானும் முன்னும் பின்னும் ஷாக் வைத்த ஒரு மலிவு வண்டி வாங்கினேன். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிருத்திகைதோறும் அதில்தான் போவேன். ஆறாவது மாதம் வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் தனியாக ஒரு பக்கம் நெளிந்தது. கழற்றினால் புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. கம்பெனியில் அந்த உதிரி பாகமே கிடைக்கவில்லை. லேத் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்து போட்டோம். மூன்று மாதத்தில் போல்ட் போகும் துளையே தளர்ந்துவிட்டது. கடைசியில் வண்டி எடைக்குப் போனது. அம்மா சீட்டு கட்டிச் சேர்த்த பணம் அது. அதனால்தான் உனக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

ஆகவே கடைக்குப் போனால் முதலில் சீட்டைப் பலமாக அமுக்கிச் சட்டென்று விடு. பந்து போலத் துள்ளினால் உள்ளே எண்ணெய் இல்லை. நிதானமாக எழுந்தால் இருக்கிறது. அடுத்து சீட்டைப் பிடித்து வண்டியை லேசாக மேலே தூக்கு. பின்பக்கம் ‘டக்’கென்று சின்னத் தட்டல் கையில் தெரிந்தால் புஷ் புதிதிலேயே ஆடுகிறது என்று அர்த்தம். பிறகு பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார். இந்த மூன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. பின்சக்கரப் பல்சக்கரம் ஃப்ரீவீலா கேசட்டா என்றும் கேள். ஃப்ரீவீலில் வலப்பக்க பேரிங் அச்சின் நடுவை நோக்கித் தள்ளி இருக்கும். மேடு பள்ளத்தில் அச்சு வளைவதும் உடைவதும் அதனால்தான். இன்னொன்று: சேஸிஸில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்து எச்சரிக்கைகளைப் படி. மலிவு வண்டிகள் சிலவற்றில் கரடுமுரடான பாதைக்கு ஏற்றதல்ல என்று தயாரித்தவர்களே எழுதியிருப்பார்கள்.

சுருளுக்குப் பதில் காற்று அடைத்த ஷாக், எண்ணெய் டாம்பர், பேரிங் போட்ட பிவட் மூன்றும் ஒழுங்காக உள்ள புது வண்டி பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டித்தான் நிற்கும். வாங்கியதோடும் முடியாது. ராக்‌ஷாக்ஸ் கம்பெனி காற்று ஷாக்குக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் சொல்கிறது. ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் ஓட்டினால் நான்கு மாதத்தில் அந்தக் கணக்கு வந்துவிடும். உன் ரூம் வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் போக இதற்கும் ஒதுக்க முடியுமா என்று நீதான் கணக்குப் போட வேண்டும்.

என் யோசனை: 40,000க்கு முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள வண்டி வாங்கு. ஹார்டுடெயில் என்பார்கள். அலுமினிய சேஸிஸ், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், கேசட், லாக் செய்யக்கூடிய முன் ஷாக் ஃபோர்க் என்று அந்தக் காசு முழுவதும் தேவையான இடத்தில் போய்ச் சேரும். இது இரண்டாந்தர வண்டி என்று நினைத்துவிடாதே. கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976இல் மலைச்சரிவுப் பந்தயம் தொடங்கியபோது பந்தயக்காரர்கள் ஓட்டியது ஷாக்கே இல்லாத பழைய வண்டிகள். சூட்டில் ஹப் பிரேக்கின் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சுற்று. அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது அப்படித்தான். ராக்‌ஷாக்ஸின் முதல் ஷாக் ஃபோர்க் 1989இல்தான் வந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மவுண்டன் பைக் பந்தயத்தில் பிரான்சின் ஜூலியன் அப்சலோன் தங்கம் வாங்கியது பின் ஷாக் இல்லாத வண்டியில். ஆனால் 2012 லண்டனில் செக் நாட்டின் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில் வென்றார்.

நம் பக்கம் என்ன இருக்கிறது? ஏரிக்கரை மண்பாதை, லாரி தடம் பதிந்த செம்மண், மழை அரித்த ஓடை. இவற்றுக்கு நல்ல டயர் போதும். உன் தாத்தா ஓட்டியது அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ். இரண்டு மூட்டை நெல்லோடு வரப்பில் போவார். டயர் காற்றும் தோல் சீட்டின் அடி ஸ்பிரிங்கும்தான் அவருக்கு ஷாக். நீயும் 2.2 அங்குல டயர் போட்டு, உன் 58 கிலோவுக்கு 25 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை காற்று வை. கடைக்காரர் கல் மாதிரி அடித்துத் தருவார். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு கூழாங்கல்லும் மணிக்கட்டில் தெரியும்.

ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும், பாறை இறக்கம் இறங்க வேண்டும் என்ற ஆசை ஒரு வருடம் கழித்தும் இருந்தால், அப்போது நல்ல வண்டியை செகண்ட் ஹேண்டில் தேடலாம். 2023இல் ஆசிய மவுண்டன் பைக் போட்டி நம் பக்கத்து மாநிலத்துப் பொன்முடியிலேயே நடந்தது. கேரளத்திலும் பெங்களூரிலும் இந்த ஓட்டக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். பராமரித்த வண்டியை விற்பார்கள். அப்போது ஷாக் தண்டில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். நகம் மாட்டினால் எண்ணெய் கசியும், வேண்டாம். வாங்கியபின், சவாரி உடையோடு உட்கார்ந்தால் ஷாக் சுருங்கக்கூடிய மொத்த தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் இறங்கும்படி காற்று வைக்க வேண்டும். ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையம் அளவு காட்டும். அதற்கென்று தனிப் பம்ப் உண்டு.

பில் கட்டாயம் வாங்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. பில்லில் 5 தான் போட்டிருக்கிறார்களா பார். அந்த 40,000இல் மூவாயிரத்தை ஹெல்மெட்டுக்கும் முன் பின் விளக்குக்கும் முதலிலேயே எடுத்து வைத்துவிடு. ஒரகடம் சாலையில் கார் ஏற்றிய டிரெய்லர்கள் நைட் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எப்படி வரும் என்று உனக்கே தெரியும்.

வரும் ஞாயிறு எனக்கு டூட்டி இல்லை. காலை ஆறு மணிக்கு வா. என் ஹார்டுடெயிலை ஏரிக்கரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்ரீபெரும்புதூர் கடைக்குச் சேர்ந்தே போகலாம். டிபன் உன் அத்தை செய்கிறாள்.

அன்புடன்,
மாமா